எருதின் குருதியில் இல்லாத ஒன்று

உயிரியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் தமிழில் பாடநூல் எழுதிவரும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



முப்பது ஆண்டுக் காலம் கால்நடை மருத்துவ மாணாக்கர்களுக்கு உயிர்வேதியியல் கற்பித்து ஓய்ந்து, இப்பொழுது மாலை வேளைகளில் பேத்தியின் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லாத ஒருவன், தங்களைப் போன்ற பொறுப்பு மிக்கவர்களுக்குத் திறந்த மடல் எழுதத் துணிவது சற்று அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றக்கூடும். ஆயினும், சென்ற மாதம் அந்தப் பேத்தி, செல் படலத்தின் சித்திரம் அச்சாகியிருந்த பக்கத்தில் விரலை வைத்து, "தாத்தா, இது எந்தப் பிராணியோட செல்லு?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு நான் அறிந்த அளவில் நேர்மையான விடை "எந்தப் பிராணியுடையதும் அன்று" என்பதாகவே இருந்தபடியால், அந்த விடையின் விருத்தாந்தத்தைத் தங்களிடம் ஒப்படைத்துவிடுவது என் கடமை என்று பட்டது.

சித்திரம் தாங்கள் நன்கு அறிந்ததே. உருண்டைத் தலையும் இரட்டை வாலுமாக மேலே ஒரு வரிசை, அதற்கு எதிர்முகமாகக் கீழே ஒரு வரிசை, இடையிடையே கிழங்குகளைப் போல் மிதக்கும் புரதங்கள். அடியில் 'செல் படலம்' என்ற இரண்டு சொற்கள். பக்கத்துப் பத்தியிலே, படலத்தின் பிரதானமான பாஸ்போலிப்பிட் லெசித்தின் என்று ஒரு வாக்கியம். பாஸ்பட்டிடைல்கோலின் என்ற நீண்ட ரசாயன நாமத்தையும் சேர்த்திருந்தார்கள். அதனால் வாக்கியத்துக்குக் கௌரவம் கூடிற்றேயன்றி உண்மை கூடவில்லை. இந்த வாக்கியம் எலியின் சிவப்பணுவுக்குப் பொருந்தும், குதிரைக்குப் பொருந்தும், மனிதனுக்கும் ஒருவாறு பொருந்தும். கொட்டிலில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கிறதே, நம் வீட்டு மாடு, அதன் சிவப்பணுவுக்கு மட்டும் அறவே பொருந்தாது.

எலியின் சிவப்பணுப் படலத்திலுள்ள பாஸ்போலிப்பிட்டுகள் அனைத்தையும் 100 பங்காக வைத்துக்கொண்டால், அவற்றுள் பாதியை நெருங்கிய பங்கு லெசித்தின். மனிதனிடத்தில் அது 30-ஐ ஒட்டி நிற்கும். பன்றியிடத்தில் 25-க்கும் சற்றுக் கீழே இறங்கும். மாட்டினிடம் வந்தாலோ, சுவடு என்று சொல்லத்தக்க அளவுக்குத் தேய்ந்துவிடும். செம்மறியிடமும் வெள்ளாட்டினிடமும் அவ்வாறே. அது காலி செய்த இடத்தில் ஸ்பிங்கோமயலின் என்னும் வேறொரு வஸ்து வந்து உட்கார்ந்திருக்கிறது: எலியில் 12-ஐ ஒட்டியும் மனிதனில் 25-ஐ ஒட்டியும் இருக்கும் அதன் பங்கு, மாட்டில் 45-ஐத் தொட்டு, ஆட்டில் 50-ஐயும் கடக்கிறது. எஞ்சியவை பெரும்பாலும் எத்தனாலமினையும் செரினையும் தலையாகக் கொண்ட பாஸ்போலிப்பிட்டுகள். அவை எல்லாப் பாலூட்டிகளிலும் அதிக மாறுதலின்றி இருப்பவை. ஆதலால் அவற்றைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. பன்றியும் மாட்டைப் போலவே பிளந்த குளம்பு உடையதுதான், ஆனால் அசைபோடாதது. அசைபோடும் இனத்துக்கே இந்த விலக்கு உரியது போலும் என்ற எண்ணம் இதனால் எவருக்கும் எழும்.

லெசித்தினுக்கு அப்பெயர் முட்டையின் மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சு மருந்தாளர் கோப்லே 1850-இல் இட்ட பெயர் அது. மற்றதன் கதை இன்னும் சுவையானது. இலண்டன் மாநகரில் மருத்துவத் தொழில் செய்துகொண்டே மூளையின் ரசாயனத்தை ஆராய்ந்த தூடிக்கம் என்னும் ஜெர்மானியர், தம் வசப்படாமல் திமிறிய ஒரு பொருளுக்கு, விடுகதை போட்டு வழிப்போக்கரைத் திணறவைத்த ஸ்பிங்க்ஸ் என்ற கிரேக்கப் புராணத்துப் பிராணியை நினைந்து 1884-இல் பெயர் சூட்டினார். அவர் காலத்தில் அதைப் படித்துப் பாராட்டியவர் அரிது. விடுகதை என்று அவர் சொன்னது மூளையைப் பற்றி. ஆனால் அதே வஸ்து எருதின் இரத்தத்தில் இன்னொரு விடுகதையைப் போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கண்டவர்கள் விடுகதை என்று உணராமலே கடந்து போனார்கள்.

நாகப்பாம்பின் விஷம் சோதனைக் குழாயிலுள்ள சிவப்பணுக்களை உடைத்துச் செந்நீராக்கும் என்பது முன்னமே தெரிந்த விஷயம். 1902-இல் பிராங்க்ஃபர்ட் நகரத்தில் பால் எர்லிக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த பிரஸ்டன் கைஸ் என்ற அமெரிக்கர், பிளாஸ்மாவின் வாசனையே இல்லாதபடி கழுவிய அணுக்களின் மேல் அவ்விஷத்தை இட்டுப் பார்த்தார். நாயின் அணுக்கள் உடைந்தன, கினிப்பன்றியின் அணுக்கள் உடைந்தன, மனிதனுடையவும் உடைந்தன. மாட்டின் அணுக்களும் ஆட்டின் அணுக்களுமோ, விஷம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாதவை போல் குழாயின் அடியில் செம்மண்ணாகப் படிந்து கிடந்தன. அவற்றோடு சிறிது லெசித்தினைக் கலந்தார். உடனே அவையும் உடைந்தன. எர்லிக்கின் ஆய்வுக்கூடத்தில் அக்காலத்தில் நோய் எதிர்ப்புச் சித்தாந்தமே கோலோச்சி வந்தபடியால், விஷமும் லெசித்தினும் கூடி ஒரு புதிய கூட்டுப்பொருள் ஆகின்றன என்று அந்தச் சித்தாந்தத்தின் பரிபாஷையிலேயே அவர் விளக்கம் தந்தார். பின்னாளில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் டெலசென் முதலியோர், விஷத்திலுள்ள ஒரு நொதி லெசித்தினின் இரண்டு வால்களில் ஒன்றைக் கத்தரித்துவிடுகிறது என்றும், ஒற்றை வாலோடு மிஞ்சும் லைசோலெசித்தின் சவர்க்காரத்தைப் போல் படலத்தைக் கரைத்துவிடுகிறது என்றும் தெளிவாக்கினார்கள்.

இவ்வளவும் தெரிந்த பின்னர், மாட்டின் அணு உடையாததற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தால், கத்தரிப்பதற்கு அங்கே லெசித்தினே இல்லை என்ற விடை அந்தக் கணமே கிடைத்திருக்கும். கேட்டவர் எவரும் இல்லை என்றே நினைக்கவேண்டியிருக்கிறது. படலம் என்றால் அதில் லெசித்தின் இருந்தே தீரும் என்ற நம்பிக்கை அத்தனை ஆழமாக ஊன்றியிருந்தது. டர்னர் என்பவர் அசைபோடும் பிராணிகளின் சிவப்பணுக்களில் லெசித்தின் இல்லை என்று ரசாயன முறையால் காட்டி, அதைப் பாம்பு விஷத்தோடு பொருத்தி எழுதியது 1957-இல். இடையே கழிந்தவை 55 ஆண்டுகள். பிரத்தியட்சம் கண்முன் இருந்தும் அனுமானம் பிறக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. இதைப் படித்துவிட்டு, மாட்டை நல்ல பாம்பு தீண்டினால் ஒன்றும் ஆகாது என்று எவரேனும் தங்கள் நூலின் துணைக்கட்டத்தில் எழுதிவிடக்கூடாது. நாகத்தின் விஷம் கொல்வது பெரும்பாலும் நரம்பு வழியாக, சுவாசத்தை நிறுத்தி. அதற்கு மாடு மனிதன் என்ற பேதம் கிடையாது. மேலும், முழு விஷத்தில் அந்த நொதிக்குத் துணையாகப் படலத்தைத் தாக்கும் சிறு புரதங்களும் உண்டு. நான் பேசுவது கழுவிய அணுக்கள் இருந்த ஒரு கண்ணாடிக் குழாயைப் பற்றி மட்டுமே.

இனி, ஒளிக்காமல் சொல்லவேண்டிய சொந்தக் கதை ஒன்று உண்டு.

நான் முதுகலை மாணவனாக இருந்த காலத்தில், இறைச்சிக்கூடத்திலிருந்து சிட்ரேட் இட்ட புட்டியில் எருதின் இரத்தத்தை விடியற்காலையில் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவது வழக்கம். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, கீழே கருஞ்சிவப்பு, இரண்டுக்கும் நடுவே பாலாடை போல் மெல்லிய வெள்ளணுப் படிவு. அந்த ஆடையைப் பிப்பெட்டால் சுற்றிச் சுற்றி உறிஞ்சி எடுப்பதில்தான் கைத்திறமை இருக்கிறது. ஏனெனில் வெள்ளணுக்களில் லெசித்தின் தாராளமாக உண்டு. சிறிது தங்கினாலும் கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு உப்புநீரால் மூன்று முறை கழுவி, உப்புக் குறைந்த நீரில் விட்டால், அணுக்கள் நீரை உறிஞ்சிப் புடைத்து வெடித்து, தம்முள் இருந்த சிவப்பையெல்லாம் கக்கிவிடும். எஞ்சிய வெறும் கூட்டை ஆய்வுக்கூடத்தார் 'கோஸ்ட்' என்பார்கள். முதற் கழுவலில் ரோஜா நிறமாகவும், பிறகு நீர்மோர் போலவும் வெளுத்து வரும் அதனைக் காண்பது எனக்கு இன்றும் ஓர் ஆனந்தம். குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்து அதிலிருந்து கொழுப்பினங்களை வடித்து, சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டின் அடியோரத்தில் நுண்குழாயால் புள்ளியிட்டு, கரைப்பான் தொட்டியில் நிறுத்தி, அது மேலேறி முடிந்ததும் உலர்த்தி, அயோடின் படிகங்கள் கிடக்கும் ஜாடியில் வைத்து மூடினால், சில நிமிஷங்களில் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள் கண் திறக்கும்.

என் தட்டில் மூன்று வரிசைகள் இருந்தன. ஒன்று முட்டை மஞ்சட்கருவிலிருந்து எடுத்த லெசித்தின், ஒப்பீட்டுக்காக. இரண்டாவது என் கையிலிருந்தே எடுத்த மனித இரத்தம். மூன்றாவது எருது. மனித வரிசையில் மேலிருந்து கீழாக எல்லாப் புள்ளிகளும், புத்தகத்தில் உள்ளபடியே, ஒழுங்காக வந்து நின்றன. எருதின் வரிசையிலோ, முட்டை லெசித்தினுக்கு நேரே வெள்ளைச் சிலிக்கா பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அடியில் ஸ்பிங்கோமயலின் மட்டும், ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டைப் புள்ளியாக, மற்றெல்லாவற்றையும்விடத் தடித்து நின்றது. ஸ்பிங்கோமயலினில் சில மூலக்கூறுகள் 16 கரியணுக்கள் கொண்ட வாலையும், சில 24 கரியணுக்கள் கொண்ட நீண்ட வாலையும் உடையவை. அதனால்தான் அது இரண்டாகப் பிரிந்து ஏறும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தோன்றியது, என் தட்டு கெட்டுவிட்டது என்பது ஒன்றே.

மறுபடியும் செய்தேன். மூன்றாம் முறையும் செய்தேன். மூன்று முறையும் அதே வெள்ளை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவேண்டிய நாளுக்கு முந்திய இரவு, மாட்டின் கட்டத்தில் 'லெசித்தின்: ஏறக்குறைய 30 சதவீதம்' என்று, புத்தகத்தில் மனிதனுக்குக் கொடுத்திருந்த அளவை, கூசாமல் எழுதி வைத்தேன். பரிசோதகர் அதன் பக்கத்தில் சிவப்பு மையால் சரி என்று குறியிட்டார். ஸ்பிங்கோமயலினின் அளவு மட்டும் அதிகமாக இருக்கிறதே, கழுவியது போதாதோ என்று ஒரு கேள்வியும் கேட்டார். மெய்யாக நான் கண்டதற்குக் கண்டனமும், காணாததற்கு மதிப்பெண்ணும் ஒரே தாளில் கிடைத்தன. டர்னரின் கட்டுரை வெளிவந்த சஞ்சிகையின் பைண்டு செய்த தொகுதி, நான் அந்தப் பொய்யை எழுதிய மேஜைக்குப் பின்னாலிருந்த அலமாரியிலேயே இருந்தது என்பதைச் சில ஆண்டுகள் கழித்து, வேறெதையோ தேடப்போன இடத்தில் கண்டேன்.

பரிசோதகரை நான் குறைகூறவில்லை. அவரும் என்னைப் போலவே எவரோ எழுதிய ஒரு வாக்கியத்தைப் படித்து வளர்ந்தவர். அந்த வாக்கியத்தில் 'மனிதனின்' என்றோ 'எலியின்' என்றோ ஒரு சொல் இருந்திருக்குமானால், மாட்டைப் பற்றி எங்கே படிக்கலாம் என்று தேடவேனும் தேடியிருப்பேன். சொல் இல்லாதபடியால், கண்டதைத் தவறு என்று முடிவு கட்டினேன். என் முறையீடு முழுவதும் இந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

இரட்டை அடுக்கு என்னும் தத்துவமே எவ்வாறு பிறந்தது என்பதைத் தாங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். 1925-இல் ஹாலந்து தேசத்தின் லைடன் நகரில், கோர்ட்டர் என்ற குழந்தை வைத்தியரும் கிரெண்டல் என்பவரும், சிவப்பணுக்களிலிருந்து அசிட்டோனால் கொழுப்பை வடித்து, அதை நீர்ப்பரப்பின் மேல் ஒற்றை மூலக்கூறு கனத்துக்குப் பரப்பி, அந்தப் பரப்பு அணுக்களின் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு இருப்பதைக் கண்டு, படலம் இரண்டு அடுக்கு உடையது என்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பிராணிகளின் பட்டியலில் மனிதனும் நாயும் முயலும் மட்டுமல்ல, செம்மறியும் வெள்ளாடும் இருந்தன. ஆகவே, இன்று லெசித்தினைத் தலைமகனாக வைத்து நாம் வரையும் இரட்டை அடுக்கு, முதன்முதலில் நிரூபணம் ஆனபோதே லெசித்தின் இல்லாத ஆட்டிலும் நிரூபணமாயிற்று. அடுக்கு அமைவதற்கு வேண்டியது நீரை நாடும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உடைய ஏதேனும் ஒரு மூலக்கூறு. அது இன்னதாகத்தான் இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. (அவ்விருவரும் அணுவின் பரப்பையும் குறைத்து அளந்தார்கள், கொழுப்பையும் முழுவதும் வடிக்கவில்லை, இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான விடையைத் தந்துவிட்டன என்பது 1966-இல் வெளிப்பட்டது. பிழையோடு கண்டதை உள்ளபடி எழுதிய அவர்களை, பிழையில்லாமல் கண்டதை மறைத்த என்னோடு ஒப்பிட்டு நான் பலமுறை வெட்கப்பட்டதுண்டு.)

மாட்டின் சிவப்பணு லெசித்தினைக் கண்டதே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதன் ஈரலிலும் தசையிலும் லெசித்தின் இருக்கிறது. பாலின் வெண்ணெய்த் துளியைச் சுற்றிய உறையிலும் இருக்கிறது. அந்த அணு மிதக்கும் பிளாஸ்மாவிலோ பாஸ்போலிப்பிட்டுகளில் பெரும்பகுதியே அதுதான். தன் ஆயுள் முழுவதும் அந்த ஏரியில் நீந்தியும், தன்மேல் அதை ஒட்டவிடாமல் அணு எவ்வாறு காத்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு, 1974-இல் ஆட்டின் சிவப்பணுப் படலத்தில் கண்டறியப்பட்ட ஒரு நொதி விடை தருகிறது. அது பாம்பு விஷத்தில் உள்ளதைப் போலவே லெசித்தினின் ஒரு வாலைக் கத்தரிக்கும் பாஸ்போலிப்பேஸ். படலத்தின் வெளிப்புறத்தை நோக்கி அமைந்து, வந்து ஒட்டும் லெசித்தினையெல்லாம் அப்போதைக்கப்போது அரிந்துவிடுகிறது. நாகத்தின் பல்லில் இருக்கும் ஆயுதத்தின் இனத்தைச் சேர்ந்த ஒன்று, நாகத்தின் விஷத்துக்கு அசையாத அதே அணுவின் வாசலில் காவல் நிற்கிறது என்பதை, முதன்முறை படித்த அன்று நான் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்து வேடிக்கை, மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு எதற்கு என்று தங்களில் ஒருவர் கேட்கலாம். பசுவின் மடிநோயை எடுத்துக்கொள்வோம். அதை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியேயை அடையாளம் காண்பதற்கு, ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டி, அட்கின்ஸ், முன்ச் பீட்டர்சன் என்னும் மூவர் 1944-இல் வெளியிட்ட சோதனை இன்றும் நடைமுறையில் உள்ளது. மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அதைக் 'கேம்ப்' சோதனை என்கிறோம். ஆட்டின் இரத்தமோ மாட்டின் இரத்தமோ கலந்த அகார் தட்டின் நடுவே ஒரு ஸ்டஃபைலோகாக்கஸைக் கோடாக இழுத்து, அதற்குச் செங்குத்தாக, தொடாமல், சந்தேகத்துக்குரிய கிருமியை இழுத்து வைத்தால், மறுநாட்காலை இரண்டும் நெருங்கும் இடத்தில் இரத்தம் கரைந்து, அம்புமுனை வடிவில் தெளிவான இடம் தெரியும். அந்த ஸ்டஃபைலோகாக்கஸ் வடிக்கும் நஞ்சு ஸ்பிங்கோமயலினை அறுக்கும் நொதி என்பது பின்னர் தெரியவந்தது. ஸ்பிங்கோமயலின் மலிந்த படலம் அதனால் நைந்துபோகிறது. ஆயினும் உடனே உடைவதில்லை. மற்றக் கிருமியின் புரதம் வந்து சேர்ந்ததும் முற்றும் உடைகிறது. மனித இரத்தத்தில் இந்த அம்புமுனை இப்படித் துலங்குவதில்லை. எனவே, ஒரு கிராமத்துப் பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமிக்குப் பெயர் சொல்லும் அந்தச் சின்னஞ்சிறு முக்கோணம், அசைபோடும் பிராணியின் படலத்தில் என்ன இருக்கிறது என்பதை நுண்ணோக்கியும் வேண்டாமல் வெறும் கண்ணுக்கே காட்டிவிடுகிறது. சோதனையைச் செய்யத் தெரிந்த மாணாக்கர் நூற்றுக்கணக்கானோரை நான் அறிவேன். ஆட்டு இரத்தம் எதற்கு என்று கேட்டால், "அதுதான் சார் கிடைக்கும்" என்பார்கள்.

உண்ணிக் காய்ச்சலில் வரும் பபீசியா இன்னொரு சாட்சி. இரத்தம் கலந்தாற்போல் சிறுநீர் சிவந்து, மாடு சோர்ந்து விழும் அந்நோயில், ஒட்டுண்ணி குடியேறுவது லெசித்தின் இல்லாத இந்த அணுவுக்குள்ளேதான். அதுவோ தன் உடம்புக்கு லெசித்தின் இல்லாமல் முடியாத பிராணி. எனவே, பபீசியா போவிஸ் என்னும் இனம், குடிபுகுந்த வீட்டில் இல்லாத பண்டத்தைத் தானே சமைத்துக்கொள்கிறது. அது செய்யும் கொழுப்பினங்களில் முதன்மையானது லெசித்தினே என்று 2000-இல் காட்டினார்கள்.

வால்களைப் பற்றியும் சில சொற்கள். மாடு தின்னும் பசும்புல்லிலும் எள்ளுப் புண்ணாக்கிலும் இரட்டைப் பிணைப்புகள் மிகுந்த கொழுப்பு அமிலங்கள் நிறைய உண்டு. அவை முதல் இரைப்பையாகிய ரூமனில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களின் கையில் சிக்கி, ஹைட்ரஜன் ஏற்றப்பட்டு, பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலமாகவும் அதன் உறவினவாகவும் மாறியே குடலுக்கு இறங்குகின்றன. ஆகவே, தின்றது வேறு, இரத்தத்தில் சேர்ந்தது வேறு. சிவப்பணுவோ உட்கருவும் இல்லாத, கொழுப்பு அமிலத்தைப் புதிதாகச் செய்யும் வல்லமையும் இல்லாத ஓர் ஏழை; கிடைத்ததைக் கொண்டு குடித்தனம் நடத்துவது. எலியின் அணுவில் மிகுந்து காணும் அராக்கிடோனிக் அமிலம் மாட்டின் அணுவில் அருகி, ஒலியிக் அமிலம் ஓங்கியிருப்பதை டி கீர், வான் டீனன் என்னும் டச்சு விஞ்ஞானிகள் 1961-இலேயே எழுதினார்கள்.

அவ்விருவர் எழுதிய இன்னொன்று பாடநூல்களுக்கு ஆபத்தான கவர்ச்சி உடையது. கிளிசெரால் கரைசலில் இட்டால் எலியின் அணு விரைவில் வெடிக்கிறது. மாட்டின் அணுவும் ஆட்டின் அணுவும் நெடுநேரம் தாங்குகின்றன. லெசித்தின் குறையக் குறைய, ஸ்பிங்கோமயலின் கூடக் கூட, படலத்தின் ஊடுருவும் தன்மை குறைவதாக ஓர் அழகான வரிசை அமைந்தது. அழகாக இருந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால், மனிதனின் அணுவிலும் எலியின் அணுவிலும் கிளிசெராலை உள்ளே விடுவதற்கென்றே அக்வாபோரின் குடும்பத்துப் புரதவாயில்கள் இருப்பதாகப் பின்னர் தெரிந்தது. நீண்ட, நிறைவுற்ற வால்களை உடைய ஸ்பிங்கோமயலின் கொலஸ்டிராலோடு நெருங்கி அடுக்கிப் படலத்தை இறுக்குகிறது என்பது மெய். வேகம் முழுவதற்கும் அதையே பொறுப்பாக்குவது மெய்யன்று. இதை எழுதுவதானால் இரண்டு வாக்கியமாகவே எழுதும்படி வேண்டுகிறேன்.

தாங்கள் செய்யத்தக்கது அதிகமில்லை. படலத்தின் சித்திரத்துக்குக் கீழே, அதில் காட்டிய அளவுகள் எந்தப் பிராணியின் எந்த அணுவைச் சார்ந்தவை என்று ஒரு வரி. பட்டியல் போடுவதானால் மனிதனுக்குப் பக்கத்தில் மாட்டுக்கும் ஒரு கட்டம். நம் நாட்டில் மாட்டைக் காணாத மாணவன் இல்லை, வெள்ளெலியைக் கண்டவன்தான் சொற்பம். செய்முறை நூலில் கொழுப்பினங்களைப் பிரிக்கும் பயிற்சி இருக்குமானால், அதற்கு எருதின் இரத்தத்தை வைத்து, 'எதிர்பார்க்கும் முடிவு' என்ற தலைப்பின் கீழ், ஒரு புள்ளி வராது என்பதையும் முடிவாகவே அச்சிடவேண்டும். வராத புள்ளிக்கு மதிப்பெண் கொடுக்கும் பழக்கம் நம் பரிசோதகர்களுக்கு வந்துவிட்டால், இரவோடு இரவாக 30 சதவீதம் எழுதும் பழக்கம் மாணாக்கர்களை விட்டுத் தானே நீங்கும் என்று நினைக்கிறேன்.

இம்மடலோடு ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில் என் மாணவி ஒருத்தி ஓட்டிய தட்டு அது. முட்டை, மனிதன், எருது என்ற அதே மூன்று வரிசைகள். அயோடின் நிறம் நிலைப்பதில்லையாதலால், புள்ளிகள் தெரியும்போதே அவற்றைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிடுவது வழக்கம், அவளும் போட்டாள். எருதின் வரிசையில் லெசித்தினுக்கு உரிய இடத்திலும், ஒன்றும் வராதிருக்க, ஒரு வட்டம் போட்டாள். நிறமெல்லாம் பறந்துபோனபடியால், படத்தில் இப்போது எல்லா வட்டங்களும் ஒரேமாதிரி வெறுமையாகவே தெரிகின்றன. அந்த ஒன்றின் உள்ளே மட்டும் 'இல்லை' என்று அவள் பொடியெழுத்தில் எழுதிய சொல் இருக்கிறது. தங்கள் நூலில் இதைச் சேர்ப்பதானால், அச்சுக்கூடத்தார் அதைக் கறை என்று நினைத்து அழித்துவிடாதபடி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தங்கள் அன்பன்,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியன்